பெஞ்சா, பி அணியா, லோனா, ஒரேயடியாகக் கிளப் மாறுவதா: இளம் மிட்ஃபீல்டருக்கு எது சரி?

18, 19 வயதில் முதல் தொழில்முறைக் கால்பந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மிட்ஃபீல்டர்களும் (நடுக்களத்தில் ஆடுபவர்கள்) அவர்களுடைய பெற்றோரும் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கிளப் பெரியது, முதல் அணியோடு தினமும் பயிற்சி நடக்கிறது, எல்லாரும் நன்றாகப் பேசுகிறார்கள், ஆனால் ஆட்ட நாள் வந்தால் தொடக்கத்தில் இறங்கும் பதினொன்றில் இடமில்லை. அப்போது நான்கு வழிகள் தெரியும்: அங்கேயே பெஞ்சில் மாற்று வீரராகக் காத்திருப்பது, அதே கிளப்பின் இரண்டாம் அணியான பி அணியில் ஆடுவது, ஒப்பந்தம் இங்கேயே இருக்க ஒரு சீசன் மட்டும் வேறு கிளப்புக்கு ஆட லோனில் போவது, அல்லது ஒரேயடியாக வேறு கிளப்புக்கு மாறிவிடுவது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எங்கே போனால் நிறைய நிமிடங்கள் ஆடலாம்" என்று மட்டும் பார்த்து முடிவெடுப்பது போதாது. நீங்கள் தப்பு செய்யும்போது பொறுத்துக்கொள்ள வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மற்ற இடங்களில் ஆடுபவர்களைவிட மிட்ஃபீல்டருக்கு இது பல மடங்கு முக்கியம்.

## முதலில் எதை வைத்து அளப்பது

விங்கர் பந்தை இழந்தால் கோட்டோரத்தில் இழப்பார், அங்கிருந்து எதிரணி கோல் வரை வர நேரம் பிடிக்கும். நடுவில் இருப்பவர் இழந்தால் அந்த நேரம் கிடைக்காது. தற்காப்பின் நடுவில் நிற்கும் சென்டர் பேக்குகள் இருவரும் பாஸ் கொடுக்க அகன்று நிற்கிறார்கள், நீங்கள் பின்பக்கமாக வரும் ஆளைப் பார்க்காமல் பந்தை வாங்கித் திரும்புகிறீர்கள், அவர் காலை நீட்டித் தட்டிவிடுகிறார், அடுத்த சில நொடிகளில் உங்கள் கோல்கீப்பர் தனியாக நிற்கிறார். அதனால்தான் 18 வயது விங்கரைத் தயங்காமல் இறக்கும் பயிற்சியாளர்கூட 18 வயது மிட்ஃபீல்டரை இறக்க நூறு முறை யோசிக்கிறார். அந்த இடத்தில் நம்பிக்கை தாமதமாகத்தான் வரும். அதை மனத்தில் வைத்துத்தான் ஒவ்வொரு வழியிலும் நான் கீழே உள்ள ஐந்து விஷயங்களையும் பார்க்கிறேன்.

தொடக்கத்திலிருந்து ஆடும் ஆட்டங்கள். மாற்று வீரர்கள் ஐந்து பேர் என்ற விதி 2020-இல் தற்காலிகமாக வந்து பிறகு நிரந்தரமாகிவிட்டதால், இளைஞர்கள் களத்தில் கால் வைப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது. ஆனால் 85-வது நிமிடத்தில், 3-0 என்று முன்னிலையில் இருக்கும்போது இறங்கி நான்கு பக்கவாட்டு பாஸ் கொடுப்பதில் ஒரு மிட்ஃபீல்டர் கற்றுக்கொள்வது மிகக் கொஞ்சம். அப்படி 20 ஆட்டங்கள் ஆடினாலும் கூட்டிப் பார்த்தால் முழு ஆட்டம் ஒன்றுக்குச் சற்று மேல்தான் தேறும்.

பந்து உங்களிடம் எப்படி வருகிறது. பின்னாலிருந்து சின்னச் சின்ன பாஸ்களாகக் கட்டி ஆடும் அணியில் ஓர் ஆட்டத்தில் பந்து உங்கள் காலுக்கு வந்துகொண்டே இருக்கும். நீளமாக அடித்து, தெறித்து விழும் பந்துக்கு முட்டி மோதும் அணியில் அது உங்கள் தலைக்கு மேலேதான் போகும். இரண்டிலும் நிமிடக் கணக்கு ஒன்றுதான்.

பொறுமை யாருக்கு. உங்கள் வளர்ச்சியால் லாபம் அடைகிறவர்தான் உங்கள் தப்பைப் பொறுப்பார்.

உடம்பு. பெட்ரி 2020-21 சீசனில் பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்குமாக 70-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார், ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ முடிந்த கையோடு ஒலிம்பிக்ஸ், அப்போது வயது 18. அடுத்த சீசனைத் தொடைத் தசைக் காயங்கள் தின்றுவிட்டன. ஜாக் வில்ஷேர் 2010-11-இல் ஆர்சனலுக்கு 49 ஆட்டங்கள் ஆடினார், அடுத்த சீசன் முழுவதும் கணுக்காலால் போனது, 30 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். காயத்துக்கு இதுதான் ஒரே காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் உங்கள் உடம்பின் சுமையை யார் கணக்கு வைக்கிறார்கள் என்று கேட்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் மிச்சம் எவ்வளவு. இன்னும் நான்கு ஆண்டு இருப்பவரும் ஒன்றரை ஆண்டு இருப்பவரும் ஒரே முடிவை எடுக்க முடியாது.

சம்பளத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. குடும்பம் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கிறது என்றால் அது எல்லாவற்றுக்கும் முன்னால் வரும், அதை யாரும் குறை சொல்ல முடியாது. அப்படி இல்லையென்றால் 19 வயதில் இதைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

## அங்கேயே இருந்து காத்திருப்பது

இதற்கு எல்லாரும் காட்டும் பெயர் ஃபில் ஃபோடன். மான்செஸ்டர் சிட்டியில் 2017 நவம்பரில் சாம்பியன்ஸ் லீக்கில் அறிமுகமானார், ஆனால் பிரீமியர் லீக்கில் முதல்முறையாகப் பதினொன்றில் ஒருவராக இறங்கியது 2019 ஏப்ரலில். நடுவில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. லோனில் அனுப்பச் சொல்லி வெளியே எவ்வளவோ குரல்கள் எழுந்தன, கிளப் அனுப்பவில்லை. தாவீத் சில்வா 2020-இல் கிளம்பியதும் இடம் திறந்தது. 2023-24-இல் அவர் பிரீமியர் லீக்கின் சிறந்த வீரர்.

இந்தக் கதையைச் சொல்லும்போது விட்டுவிடுகிற விஷயங்கள் இரண்டு உண்டு. ஒன்று, அவர் காத்திருந்த இடத்தில் தினமும் எதிரே ஆடியவர்கள் தாவீத் சில்வாவும் டி புருய்னவும். அந்தப் பயிற்சியே ஒரு தரமான லீக்குக்குச் சமம். இரண்டு, பயிற்சியாளர் மாறவே இல்லை. 2017-இல் "இவன் நம் ஆள்" என்று சொன்ன குவார்டியோலாதான் 2020-இலும் அணியைத் தேர்வு செய்தார். உங்கள் கிளப்பில் பயிற்சியாளர் மூன்று ஆண்டு நிலைப்பார் என்று நம்ப என்ன ஆதாரம் இருக்கிறது? சில்வாவைப் போல வெளியேறும் தேதி தெரிந்த மூத்தவர் யாராவது உங்கள் இடத்தில் ஆடுகிறாரா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் ஃபோடன் உங்களுக்கு உதாரணம் ஆக மாட்டார்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், பெஞ்சில் இருக்கும் மிட்ஃபீல்டரை மெல்ல மெல்ல வேறு இடத்துக்கு நகர்த்திவிடுவார்கள். வலப்பக்கத் தற்காப்பு வீரருக்குக் காயமா, "நீ ஓடுவாய், அங்கே ஆடு" என்பார்கள். வாய்ப்பு என்று சந்தோஷமாக ஆடுவீர்கள், ஓர் ஆண்டு கழித்து உங்கள் சொந்த இடம் எது என்று வாங்க வரும் கிளப்புக்கும் தெரியாது.

காத்திருக்கலாமா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆட்டம் இன்னும் முடிவாகாத நேரத்தில், 0-0, 1-1 என்று இருக்கும்போது, உங்களை இறக்கியிருக்கிறாரா? ஒரு சீசனில் நான்கைந்து முறை அப்படி இறக்கியிருந்தால் இருங்கள். ஒருமுறைகூட இல்லையென்றால், வாய் என்ன சொன்னாலும், அவர் இன்னும் நம்பவில்லை.

## பி அணி

இது நாட்டைப் பொறுத்தது. ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் போர்ச்சுகலிலும் பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகள் சாதாரண லீக் அடுக்குகளிலேயே ஆடுகின்றன, மூத்த ஆட்களோடு, புள்ளிக்காக. இத்தாலியில் 2018 முதல் இதற்கு வழி உண்டு, யுவெண்டஸ் அதை நன்றாகப் பயன்படுத்துகிறது. இங்கிலாந்தில் அப்படி இல்லை, அங்கே 21 வயதுக்குட்பட்டோர் லீக்தான், எதிரே நிற்பவர்களும் உங்களைப் போன்ற பையன்கள்தான்.

முதல் வகை பி அணி என்றால் நான் இதை மிக உயர்வாக வைப்பேன், பலர் இதை ஒரு தோல்வி போலப் பார்ப்பது எனக்கு வருத்தம். செர்ஜியோ புஸ்கெட்ஸ் 2007-08-இல் பார்சிலோனாவின் பி அணியில் நான்காம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் குவார்டியோலா. அடுத்த சீசனில் குவார்டியோலா முதல் அணிக்குப் போனபோது புஸ்கெட்ஸும் போனார், 2010-இல் உலகக் கோப்பை வென்ற ஸ்பெயினின் நடுக்களத்தில் நின்றார். நான்காம் நிலை லீக்கில் அவர் கற்றுக்கொண்ட ஆட்டமுறையும் முதல் அணியின் ஆட்டமுறையும் ஒன்றே. பந்து அதே கோணத்தில் வரும், அதே போல உடம்பைப் பாதி திருப்பி வாங்க வேண்டும், வாங்குவதற்கு முன் இரண்டு தோளுக்குப் பின்னாலும் பார்த்திருக்க வேண்டும். அதுபோக, உங்கள் உடம்பின் கணக்கு அதே மருத்துவக் குழுவிடம் இருக்கும், சமையலும் துணி துவைப்பதும் தெரியாமல் வேறு ஊரில் தனியாகத் தவிக்க வேண்டியதில்லை.

செலவு? 20 வயது தாண்டியும் அங்கேயே இருந்தால் பெயர் ஒட்டிக்கொள்ளும். முதல் அணி இருக்கும் பிரிவில் பி அணி ஆட முடியாது என்பதால் அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. இரண்டு சீசன், அதற்கு மேல் வேண்டாம்.

21 வயதுக்குட்பட்டோர் லீக் மட்டும்தான் இருக்கிறது என்றால், 19 வயதுக்குப் பிறகு அங்கே ஒரு நாளும் வீணாக்காதீர்கள்.

## லோன்

எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான், சரியாக அமைந்தால் அருமையானதும் இதுதான். மேசன் மவுன்ட் 2017-18-இல் விட்டெஸ்ஸே, 2018-19-இல் டார்பி என்று ஆடிவிட்டு செல்சிக்குத் திரும்பியதும் நேராக முதல் அணிக்குள் வந்தார். டார்பியின் பயிற்சியாளர் லாம்பார்ட் அதே கோடையில் செல்சிக்கு வந்ததும், செல்சிக்குப் புதிய வீரர்களை வாங்கத் தடை இருந்ததும் கூடிவந்தன. கானர் கேலகர் நான்கு கிளப்புகளில் லோனில் இருந்தார், கடைசியாக கிரிஸ்டல் பேலஸில், அங்கே 2021-22-இன் சிறந்த வீரராகத் தேர்வானார்.

இப்போது மறுபக்கம். ரெனாட்டோ சான்செஸ் 2016 யூரோவின் சிறந்த இளம் வீரர், 18 வயதில் பயர்ன் மியூனிக் வாங்கியது. ஆட இடம் கிடைக்காமல் 2017-இல் லோனில் ஸ்வான்சி போனார். அழைத்தவர் பால் கிளெமென்ட், பயர்னில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர், சான்செஸை நன்றாகத் தெரிந்தவர். டிசம்பரில் கிளெமென்ட் நீக்கப்பட்டார், சீசன் முடிவில் ஸ்வான்சி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. பில்லி கில்மர் 2021-இல் நாரிச் போனபோதும் இதேதான்: அழைத்த டேனியல் ஃபார்கே நவம்பரில் நீக்கப்பட்டார், நாரிச் கடைசி இடத்தில் முடித்து இறங்கியது.

இது வெறும் துரதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. லோனில் இளம் மிட்ஃபீல்டரை எடுக்கும் கிளப் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். பெரும்பாலும் பணம் குறைவு, கீழே இறங்கும் பயம் உண்டு, ஆகவே பயிற்சியாளர் மாறும் வாய்ப்பும் அதிகம். புதிதாக வருகிறவர் முதலில் ஆட்டத்தை எளிமையாக்குவார், பந்தை நீளமாக அடிக்கச் சொல்வார், நடுவில் அனுபவமுள்ள இரண்டு பேரை நிறுத்துவார். உங்களை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. நீங்கள் மே மாதம் கிளம்பிவிடுவீர்கள். உங்கள் தப்பைப் பொறுத்து வளர்த்துவிட்டால் லாபம் வேறு கிளப்புக்கு. வாடகை வீட்டில் யாரும் செங்கல் வைத்துக் கட்ட மாட்டார்கள். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருடைய வேலையே தொங்கிக்கொண்டிருக்கிறது.

மற்ற செலவுகள் சிறியவை போலத் தெரியும், சிறியவை அல்ல. காயம் வந்தால் சிகிச்சை எங்கே, யார் முடிவெடுப்பது என்று இரண்டு கிளப்புகளுக்கும் இழுபறி நடக்கும். திரும்பி வரும்போது உங்கள் லாக்கர் இருந்த இடத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இருப்பான். ஃபிஃபா விதிப்படி ஒரு லோன் ஓர் ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, ஆகவே ஒவ்வொரு கோடையிலும் பெட்டி கட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் புது அணி, புது மொழி, புது ஆட்டமுறை. மார்ட்டின் ஒடெகார்ட் ரியால் மாட்ரிட்டில் 16 வயதில் சேர்ந்து, பி அணியில் இரண்டு ஆண்டு, ஹீரென்வீன், விட்டெஸ்ஸே, ரியால் சொசியெடாட் என்று லோன்கள். சொசியெடாட்டில் மலர்ந்தார், மாட்ரிட் திரும்ப அழைத்தது, அழைத்துவிட்டு ஆடவைக்கவில்லை. ஆர்சனலில் 2021-இல் ஒரு லோன், பிறகு அதே கோடையில் நிரந்தரமாக அங்கேயே. ஓர் ஆண்டில் கேப்டன். ஆள் மாறவில்லை. பெட்டி கட்டுவது நின்றதும்தான் அது நடந்தது.

## ஒரேயடியாக மாறுவது

பெரிய கிளப்பை விட்டுச் சின்னதற்குப் போனால் தோற்றுவிட்டான் என்று ஊர் பேசும். பேசட்டும். கெவின் டி புருய்ன செல்சியில் ஆடிய பிரீமியர் லீக் ஆட்டங்கள் வெறும் 3. 2014 ஜனவரியில் வோல்ஃப்ஸ்பர்க் போனார், 2015-இல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த வீரர், அதே ஆண்டு மான்செஸ்டர் சிட்டி. மேலே சொன்ன சான்செஸ்கூட 2019-இல் லில் அணிக்கு நிரந்தரமாகப் போனபின் 2020-21-இல் பிரான்ஸின் லீக் பட்டம் வென்றார்.

கில்மரின் கதைதான் எனக்கு இதில் மிகவும் பயனுள்ளது. 2022 செப்டம்பர் 1-ஆம் தேதி பிரைட்டனில் நிரந்தரமாகச் சேர்ந்தார். ஒரு வாரத்தில் அவரை வாங்கிய பயிற்சியாளர் கிரஹாம் பாட்டர் செல்சிக்குக் கிளம்பிவிட்டார்! நாரிச்சில் நடந்ததைவிட மோசம் என்று தோன்றும். முதல் சில மாதங்கள் அவருக்கு இடமும் கிடைக்கவில்லை. ஆனால் கிளப் பணம் போட்டு வாங்கியிருந்தது, நீண்ட ஒப்பந்தம் இருந்தது, யாருக்கும் அவசரமில்லை. புதிய பயிற்சியாளர் டி செர்பியின் ஆட்டமுறையைப் பழகிக்கொண்டார், 2023-24-இல் வழக்கமாக ஆடினார், 2024-இல் நாப்போலி. ஒரே ஆள், பயிற்சியாளர் மாறும் அதே சிக்கல், இரண்டு முடிவுகள். வித்தியாசம் அவர் யாருடைய சொத்து என்பதில் இருந்தது.

பெல்லிங்ஹாம் வேறு மாதிரி. அவர் பெரிய கிளப்பிலிருந்து இறங்கவில்லை, பர்மிங்ஹாமில் 16 வயதில் தொடங்கி ஒரே சீசனில் 40-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 2020-இல் மான்செஸ்டர் யுனைடெட்டும் கேட்டது, அவர் தேர்ந்தெடுத்தது இளைஞர்களை உடனே ஆடவைக்கும் ஜெர்மன் கிளப் டார்ட்முண்டை. மூன்று சீசன் கழித்து 103 மில்லியன் யூரோவுக்கு ரியால் மாட்ரிட். கூப்பிடுவதில் பெரிய பெயர் எது என்று பார்க்காமல், முந்தைய இளைஞர்களை என்ன செய்தார்கள் என்று பார்த்தது அந்த முடிவு.

செலவு: திரும்பி வர வழி மூடும், போகும் கிளப் கீழே இறங்கினால் நீங்களும் இறங்குவீர்கள், ஏஜென்ட்டுக்கு இதில் வருமானம் இருப்பதால் அவருடைய ஆலோசனையை அந்தக் கண்ணோடு கேட்க வேண்டும். திரும்பி வரும் வழியை மட்டும் பாதி திறந்து வைக்கலாம். நிகோ பாஸ் 2024-இல் ரியால் மாட்ரிட்டிலிருந்து கோமோ போனபோது திரும்ப வாங்கும் உரிமையை மாட்ரிட் வைத்துக்கொண்டது. அவருக்குக் கிடைத்தது, மிட்ஃபீல்டராகவே ஆடிய ஃபாப்ரெகாஸ் என்ற பயிற்சியாளரும், ஒவ்வொரு வாரமும் பதினொன்றில் இடமும்.

18 வயதாகாதவர்களுக்கு ஒரு குறிப்பு: நாடு விட்டு நாடு மாறுவதை ஃபிஃபா பொதுவாகத் தடை செய்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வரை போன்ற சில விலக்குகள் உண்டு. ஒப்பந்தமும் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். விதியை வளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | காத்திருப்பது | பி அணி | லோன் | நிரந்தர மாற்றம் |
|---|---|---|---|---|
| தொடக்க ஆட்டங்கள் | குறைவு | அதிகம் | பயிற்சியாளர் நிலைத்தால் அதிகம் | நடுத்தரம், போகப் போக அதிகம் |
| பந்து வரும் விதம் | பயிற்சியில் மிகச் சிறந்தது | முதல் அணியைப் போலவே | போகும் அணியைப் பொறுத்தது | நீங்களே பார்த்துத் தேர்வு செய்யலாம் |
| பொறுமை | பயிற்சியாளர் இருக்கும் வரை | நிறைய | மிகக் குறைவு | நிறைய |
| உடல் பராமரிப்பு | சிறப்பு | சிறப்பு | இழுபறி | புதிய கிளப்பைப் பொறுத்தது |
| திரும்பும் வழி | தேவையில்லை | திறந்தே இருக்கும் | பேச்சளவில் திறந்தது | மூடியது, ஷரத்து இருந்தால் பாதி திறந்தது |

## யாருக்கு எது

17, 18 வயது, நிஜ லீக்கில் ஆடும் பி அணி இருக்கிறது: அங்கே இருங்கள். அந்த வசதி இல்லை, 19 ஆகிவிட்டது, ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது: ஒரு லோன், அதிகபட்சம் இரண்டு. முடிந்தால் மேல் பிரிவில் தத்தளிக்கும் அணியைவிட ஒரு பிரிவு கீழே பந்தை வைத்து ஆடும் அணி. 21 ஆகிவிட்டது, இரண்டு லோன் முடிந்துவிட்டது, கிளப் மூன்றாவதைப் பற்றிப் பேசுகிறது: விற்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு இருக்கும்போதே சொல்லுங்கள், அப்போதுதான் கிளப்புக்கும் நல்ல விலை கிடைக்கும், விடவும் மனம் வரும். இன்னொன்று: 21 வயது சீசன் முடிந்துவிட்டால், வெளிநாட்டு லோன்களுக்கு ஃபிஃபா வைத்திருக்கும் ஆறு பேர் என்ற வரம்புக்குள் கிளப்பில் வளர்ந்த பிள்ளைகளும் வந்துவிடுவார்கள்.

லோன்தான் என்று முடிவாகிவிட்டால், கையெழுத்துக்கு முன் அந்தப் பயிற்சியாளரிடம் நீங்களே பேசுங்கள், ஏஜென்ட் வழியாக வேண்டாம். என்னை எந்த இடத்தில் ஆடவைப்பீர்கள், அந்த இடத்தில் இப்போது யார், அவருக்கு என்ன ஆகப் போகிறது என்று கேளுங்கள். அவர்களுடைய முழு ஆட்டங்கள் சிலவற்றைப் பாருங்கள். உங்கள் இடத்தில் ஆடுபவரை மட்டும் கவனித்து, சென்டர் பேக்கிடமிருந்து அவருக்குப் பந்து எத்தனை முறை தரையோடு வருகிறது என்று எண்ணுங்கள். ஜனவரியில் திரும்ப அழைக்கும் ஷரத்து இருக்கிறதா, அதை உங்கள் கிளப் மட்டும் பயன்படுத்த முடியுமா, நீங்களும் கேட்க முடியுமா என்று பாருங்கள். ஆடவைக்காவிட்டால் சம்பளத்தில் அவர்கள் தரும் பங்கு கூடும் என்று ஒரு வரி எழுதவைக்க முடிந்தால் எழுதவையுங்கள். அப்புறம், அழைத்தவர் நீக்கப்பட்டால் என்ன செய்வது என்பதை உங்கள் கிளப்பின் லோன் பொறுப்பாளரோடு ஆகஸ்டிலேயே பேசி வைத்துவிடுங்கள், நவம்பர் வரை தள்ளிப்போடாதீர்கள்.